சிகிச்சை முடிந்த பின் ஆறு மாதம்: போதையிலிருந்து மீளும் இளைஞர்களுக்கு இடைநிலை இல்லம் நடத்தும் முறை

போதை மீட்பு மையத்தில் முப்பது நாள் இருந்துவிட்டு வரும் இளைஞருக்கு உடம்பு தேறியிருக்கும். கை நடுக்கம் நின்றிருக்கும், பசி திரும்பியிருக்கும், கன்னத்தில் சதை போட்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஆள் சரியாகிவிட்டதாகத் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த முப்பது நாளில் அவர் கையில் பணம் இல்லை, போன் இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கும் அவசியமும் இல்லை. வீடு திரும்பிய முதல் நாளே இந்த மூன்றும் ஒன்றாக அவரிடம் வந்து சேருகின்றன. சறுக்கல் தொடங்குவது இங்கேதான்.

பணம், போன், சாயங்காலம் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே திருப்பிக் கொடுப்பதுதான் இடைநிலை இல்லத்தின் வேலை. இதில் எதை எப்போது கொடுப்பது என்று தெரியாமல் நடத்தினால் அது வெறும் விடுதி. எதையுமே கொடுக்காமல் பூட்டி வைத்தால் அது இன்னொரு முப்பது நாள் மையம்.

1975-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், ஓர் இடைநிலை விடுதி மூடப்பட்டபோது அங்கே தங்கியிருந்தவர்களே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்ற பெயரில் அந்த முறை நாடெங்கும் பரவியது. வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், பொறுப்புகளுக்கு வாக்கெடுப்பார்கள், குடித்தவர் வெளியேற வேண்டும். 150 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுக்குப் பின் அந்த வீடுகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் போதையைத் தொட்டிருந்தார்கள். வழக்கமான வெளிச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் அது சுமார் 65 சதவீதம். அந்த முறையை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஒருநாளும் வீட்டைவிட்டுத் தனியாக இருந்திராத 21 வயதுக்காரருக்கு முதல் மூன்று மாதமாவது கூடவே தங்கும் மூத்தவர் ஒருவர் வேண்டும். ஆனால் சின்ன வீடு, எல்லோருக்கும் வேலை என்ற இரண்டையும் அங்கிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

காகித வேலை

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் தன் உறவினரோடோ நண்பரோடோ வாழும் வீட்டுக்கு விலக்கு உண்டு. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, உங்கள் ஏற்பாடு எந்த வகையில் வருகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டப்பட்ட நிலையிலேயே 28 பேர் தீயில் இறந்ததை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. இரவில் கிரில் கதவைப் பூட்டினால் சாவி கதவுக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கைக்கும் எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். இரவில் ஓடிப்போகிறவர் ஓடிப்போகட்டும், அவரை மறுநாள் தேடிக்கொள்ளலாம்.

போனில் பேசுவதும், பார்க்க வருகிறவரைச் சந்திப்பதும் அந்தச் சட்டத்தின்படி அவருடைய உரிமை. ஆகவே போன் கட்டுப்பாடு என்பது அவர் படித்து, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக மட்டுமே இருக்க முடியும். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் பேச்சுத் தமிழில் எழுதுங்கள்: தங்கும் காலம், மாதப் பங்கு எவ்வளவு, பரிசோதனைக்குச் சம்மதம், சறுக்கினால் என்ன நடக்கும், அவசரத்தில் யாருக்குச் சொல்வது, விருப்பப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்ற வரி. அம்மா அப்பா கையெழுத்து சாட்சிக்கு மட்டும். 18 வயது நிரம்பியவருக்காகப் பெற்றோர் ஒப்புக்கொண்டு அவர் ஒப்புக்கொள்ளாமல் வந்தால், பத்து நாள் தாங்காது.

வீடு

எட்டுப் பேர், மூன்று படுக்கையறை, இரண்டு கழிப்பறை. ஆறு பேருக்குக் கீழே போனால் வாடகை கட்டுப்படியாகாது. பத்துக்கு மேல் போனால் யாராவது ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருப்பது யார் கண்ணிலும் படாது. அறைக்கு இரண்டு அல்லது மூன்று பேர். யாருக்கும் தனி அறை வேண்டாம். கழிப்பறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மயங்கி விழுந்தவரை வெளியே எடுக்கக் கதவை உடைக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

வீட்டைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டாஸ்மாக் கடை திறப்பதே மதியம் 12 மணிக்கு. இரவு 10 வரை இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். கடையையோ அதைச் சுற்றியுள்ள சில்லி சிக்கன் வண்டிகளையோ கடக்காமல் வீட்டுக்கு வர ஒரு வழியாவது இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் என்ன இல்லம் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். படிக்கிற பையன்கள் என்று சொல்லி எடுத்த வீட்டை மூன்றாம் மாதம் காலி செய்ய நேர்ந்தால், எட்டுப் பேரின் சிகிச்சையும் தெருவுக்கு வந்துவிடும்.

இருமல் சிரப், ஆஃப்டர் ஷேவ், சானிடைசர், மவுத்வாஷ், ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். மருந்துகள் எல்லாம் பூட்டிய பெட்டியில். சாவி பொறுப்பாளர் இடுப்பில். மொட்டை மாடிக் கதவு இரவு 9 மணிக்குச் சாத்தப்பட வேண்டும்.

பொறுப்பாளர், குறைந்தது இரண்டு ஆண்டு போதையில்லாமல் இருப்பவராகவும், போதையை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்குத் தான் இன்னும் போகிறவராகவும் இருக்கட்டும். பையன்கள் அவரை அண்ணே என்று கூப்பிடுவார்கள். அவருக்கு வாரம் ஒருநாள் கட்டாய விடுமுறை கொடுங்கள். ஓய்வே இல்லாமல் எட்டுப் பேரைத் தாங்குகிற அண்ணன் தானே சறுக்குவதும், அவரோடு இல்லமே குலைவதும் நடக்கிறது.

யாரைச் சேர்க்கலாம்

நேற்றுவரை குடித்தவரை நேராக இங்கே கூட்டிவரக் கூடாது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஆளடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாதது கண்ணில் தெரிவதும் வரலாம். உயிரே போகலாம். அந்தக் கட்டம் மருத்துவமனையில் முடிந்து, குறைந்தது 14 நாள் ஆனவரையே எடுங்கள்.

வரும்போது கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, கல்லீரல் பரிசோதனை, மனநல மருத்துவரின் குறிப்பு. ஊசி போட்டுக்கொண்டவர் என்றால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் பார்த்தாக வேண்டும். வலிநிவாரண மாத்திரையான டபென்டடாலைக் கரைத்து ஊசியில் ஏற்றிய இளைஞர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். ஊசியைப் பகிர்ந்ததைக் கேட்டால்தான் சொல்வார்கள். எச்.ஐ.வி. சோதனையை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்யலாம். முடிவு எதுவானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது, மற்றவர்களிடம் சொல்லவும் கூடாது.

மருந்துகளில் மூன்றைப் பொறுப்பாளர் கட்டாயம் புரிந்து வைத்திருக்க வேண்டும். டைசல்ஃபிராம்: இதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. ஆளுக்குத் தெரியாமல் ரசத்திலோ சாம்பாரிலோ கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. அது கொலைக்குச் சமமான வேலை. நால்ட்ரெக்ஸோன்: டபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மாத்திரை, ஊசி விட்டு 7 முதல் 10 நாள் ஆவதற்குள் கொடுத்தால் கடுமையான வித்ட்ராயலில், அதாவது போதை கிடைக்காத உடம்பு படும் அவஸ்தையில், தள்ளிவிடும். ப்யூப்ரனார்ஃபின்: ஓபியாய்டை விட்டவருக்கு மருத்துவர் தரும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. இதையும் போதை என்று சொல்லி நிறுத்தச் சொல்லும் இல்லங்கள் உண்டு. அது தவறு. அந்த மாத்திரையால்தான் அவர் நிலையாக நிற்கிறார். நிறுத்தினால் பழைய ஊசிக்குப் போவார், உடம்பின் தாங்குசக்தி குறைந்த நிலையில் பழைய அளவையே ஏற்றிக்கொள்வார். டோஸைத் தொடுவது மருத்துவரின் வேலை.

ஒருநாள் எப்படிப் போக வேண்டும்

காலை 6 மணிக்கு எழுப்புங்கள், தூக்கம் வந்ததோ இல்லையோ. விட்டு இரண்டு மூன்று மாதம் வரை தூக்கம் ஒழுங்காக வராது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், படித்தது நிற்காது. இது மூளை பழைய நிலைக்குத் திரும்பும் காலம். அவருக்கே இதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் “விட்டும் நிம்மதி இல்லையே” என்று நினைத்துவிடுவார். பகல் தூக்கம் வேண்டாம். மதியம் 3 மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம்.

பெருக்குவது, சமையல், பாத்திரம், கழிப்பறை, கடைக்குப் போவது ஆகிய ஐந்து வேலைகளும் வாரம் ஒருமுறை மாறட்டும். எட்டுப் பேருக்கு ஒருவேளைச் சோற்றுக்கு ஒரு கிலோ முதல் ஒன்றேகால் கிலோ அரிசி பிடிக்கும். இந்த வயதில் போதை விட்டவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், இனிப்பு கேட்பார்கள். கொடுங்கள்.

மிக முக்கியமான சாப்பாடு மாலை 5 மணிக்கு. பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் ஒன்றாகச் சேருகிற நேரம் அது. முதல் நாள் இரவே 400 கிராம் கருப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்து, மறுநாள் உப்புப் போட்டு வேகவைத்து, கடுகு, வரமிளகாய் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டால் எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதலில் வயிறு நிறையட்டும், பேச்செல்லாம் அதற்குப் பிறகு. பையன் ஒருவர் கிண்ணத்தைத் தொடாமல் போனை வெறித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு அவரைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஆறு முதல் எட்டு வரை ஆள் நடமாட்டமுள்ள வேலை இருக்கட்டும்: வாலிபால், நடை, கூட்டம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, உண்டியல் பை சுற்றி வரும், விருப்பப்பட்டதைப் போடலாம். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது அவர்களுடைய பழைய வழக்கம். சின்ன ஊரில் தினமும் கூட்டம் இருக்காது; மற்ற நாட்களில் வீட்டுக்குள்ளேயே முக்கால் மணி நேரம் ஷேரிங் (அவரவர் அனுபவத்தை மனம்விட்டுச் சொல்வது) வையுங்கள். கிரேவிங் (போதை வேண்டும் என்ற வேட்கை) வந்தால் சொல்வதற்கு ஒரே ஒரு விதி போதும்: முடிவெடுக்குமுன் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லி, அரை மணி நேரம் அவர் பக்கத்திலேயே இருப்பது. அந்த வேகம் பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும்.

பணமும் போனும்

முதல் இரண்டு வாரம் கையில் காசு வேண்டாம். சோப்பு, பஸ் செலவை இல்லம் பார்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து நாளுக்கு 50 ரூபாய், மாலையில் கணக்கு. இரண்டாம் மாதம் வாரத்துக்கு மொத்தமாக 500 ரூபாய். நான்காம் மாதத்திலிருந்து சம்பளம் அவர் கணக்கில் இருக்கட்டும், ஞாயிறன்று வங்கிக் கணக்கைத் திறந்து பொறுப்பாளரோடு உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டு நாள் கணக்கு உதைத்தால் திட்ட வேண்டாம், ஒரு படி கீழே இறக்கினால் போதும்.

யுபிஐ வந்த பிறகு, கையில் காசு இல்லை என்பதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. போன் திருப்பிக் கொடுக்கும் நாளில் செய்ய வேண்டியவை: பல வங்கிகளின் செயலியிலேயே பணப்பரிமாற்ற வரம்பைக் குறைக்கலாம், குறையுங்கள். உடனடிக் கடன் செயலிகளையும் ஆன்லைன் ரம்மியையும் அழியுங்கள். குடியை விட்டவர் ரம்மியில் மாட்டுவது அதே நோய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவதுதான். பழைய கூட்டாளிகளின் எண்களை அவரே, தன் கையால் நீக்க வேண்டும். சிம்மையும் மாற்றிவிடுவது நல்லது. முதல் மாதம் இல்லத்தின் பொதுப் போனில் எப்போது கேட்டாலும் பேசலாம். இரண்டாம் மாதம் சாதாரண பட்டன் போன். மூன்றாம் மாதம் ஸ்மார்ட்போன், இரவு 10 மணிக்குக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட வேண்டும்.

வேலை ஆறாவது வாரத்துக்கு முன்னால் வேண்டாம். தினக்கூலியாக மாலையில் ரொக்கம் தரும் வேலை, கல்யாண சமையல், இரவு டெலிவரி, தின்னர் வாசம் உள்ள பெயின்டிங் ஆகியவை முதல் ஆறு மாதத்துக்கு ஆகாது. பகல் ஷிஃப்ட், மாதச் சம்பளம், நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகும் தூரம் போதும். முதல் சம்பள நாளுக்குத் தனித் திட்டம் வேண்டும்: இல்லத்திலிருந்து ஒருவர் வேலையிடத்து வாசலில் நிற்கட்டும், இருவரும் நேராகப் போய் அம்மாவுக்கு ஒரு புடவையோ வீட்டுக்கு ஒரு குக்கரோ வாங்கட்டும், மிச்சம் வங்கியில் இருக்கட்டும்.

பரிசோதனை

வாரம் ஒருமுறை, எந்த நாள் என்று யாருக்கும் தெரியாமல். மூச்சுக் கருவியில் ஊதும் முன் 15 நிமிடம் எதுவும் சாப்பிடவோ கொப்பளிக்கவோ கூடாது, இல்லாவிட்டால் தப்பாகக் காட்டும். சிறுநீர் பிடித்ததும் நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் பாருங்கள்; 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குறைந்தால் வேறு யாருடையதோ, தண்ணீர் கலந்ததோ.

சோதனைப் பட்டை சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுக்காதீர்கள். தினமும் கஞ்சா அடித்தவருக்கு விட்டு ஒரு மாதம் ஆனாலும் பாசிட்டிவ் வரலாம். அதை வைத்து அவரைப் பொய்யன் என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும். குருமாவில் அரைத்த கசகசா ஓபியம் வகைப் பட்டையை ஏமாற்றும். இல்லத்துச் சமையலில் கசகசா வேண்டாம். மாறாக டபென்டடாலைச் சாதாரண ஓபியேட் பட்டை காட்டவே காட்டாது. நெகட்டிவ் வந்தும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, ஆள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வரட்டும். பாசத்தில் செய்யும் தவறுகள்தான் அதிகம். முறுக்கு டப்பாவின் அடியில், செய்தித்தாளுக்குக் கீழே மடித்து வைத்த 500 ரூபாய் நோட்டை அம்மா தந்தால், அதை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “அம்மா, இது அவனுக்கு நாளைக்கே சரக்காயிரும். செலவுக்கு நாங்க கொடுக்கிறோம், நீங்க சாப்பாடு மட்டும் கொண்டாங்க” என்று நேராகச் சொல்லுங்கள். அப்பா குடிப்பவராக இருந்தால் அதைத் தனியாகப் பேச வேண்டும். அவர் வீட்டுக்குள் குடிப்பது நிற்காவிட்டால் பையன் அந்த வீட்டுக்குத் திரும்பும் திட்டமே தவறு. பெரியப்பா வீடோ அக்கா வீடோ வேறு ஊரோ பார்க்க வேண்டியதுதான். குடும்பத்தாருக்கு என்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன.

கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான் என்று யாராவது சொந்தக்காரர் ஆரம்பிப்பார். ஒரு வருடம் அந்தப் பேச்சே வேண்டாம். வருகிற பெண் மருந்து அல்ல.

மாலை போடுவதும் கோயிலில் கயிறு கட்டுவதும் அவருக்கு நம்பிக்கை தந்தால் தடுக்காதீர்கள். ஆனால் மாலை கழற்றும் நாளன்று ஆள் இல்லத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு மண்டலம் கட்டுப்பாடாக இருந்தவர் அன்று இரவே விழுவது ஊர் அறிந்த கதை.

வீட்டுக்குப் போவதையும் படிப்படியாகச் செய்யுங்கள்: மூன்றாம் மாதம் ஆறு மணி நேரம், நான்காம் மாதம் ஒரு இரவு, ஐந்தாம் மாதம் இரண்டு இரவு. தீபாவளி, பொங்கலைத் தவிர்த்துச் சாதாரண நாளில் தொடங்குங்கள். திரும்பியதும் பரிசோதனை.

சறுக்கினால்

குடித்துவிட்டு வந்தவரிடம் அன்றிரவு நியாயம் பேசாதீர்கள். மற்றவர்களை அறைக்கு அனுப்பி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருவர் விழித்திருக்கட்டும். மாத்திரை, ஊசி எடுத்திருந்தாலோ சரக்கோடு தூக்க மாத்திரை கலந்திருந்தாலோ மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 12-க்குக் கீழே போனாலும், உதடு நீலமானாலும், தட்டியும் எழாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்கினால் தெளிந்துவிடும் என்று விடாதீர்கள். கொர்ரென்ற குறட்டை மூச்சு அடைபடுவதன் சத்தமாக இருக்கலாம். டைசல்ஃபிராம் எடுப்பவர் குடித்திருந்தால் ஒரு கட்டிங் என்றாலும் மருத்துவமனைதான்.

தெளிந்த பிறகு, கடைசி 72 மணி நேரத்தை மணிவாரியாக அவரே எழுதட்டும். சறுக்கல் அநேகமாகக் கடையில் தொடங்கியிருக்காது. இரண்டு நாள் முன்பு தவறவிட்ட கூட்டம், அண்ணனோடு போனில் வந்த சண்டை, சாப்பிடாத மதியம் என்று எங்கோ தொடங்கியிருக்கும். அந்த இடத்துக்குத்தான் மருந்து போட வேண்டும்.

தானே வந்து சொன்னவருக்குப் பணத்திலும் போனிலும் ஒரு படி இறக்கம், கூட்டம் இரட்டிப்பு, அவ்வளவுதான். மறைத்தவருக்கு முதல் மாத நிலை. வீட்டுக்குள் கொண்டுவந்தவரும் மற்றவருக்குக் கொடுத்தவரும் வெளியேற வேண்டும். மற்ற ஏழு பேருக்கு இல்லம் பட்டிருக்கும் கடன் அது. ஆனால் இரவில் தெருவில் விடாதீர்கள். மருத்துவமனைக்கோ மையத்துக்கோ குடும்பத்தாரிடமோ கைமாற்றி, யாரிடம் எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். தொடர்ந்து சில நாள் குடித்தவருக்கு வலிப்பு ஆபத்து மறுபடி உண்டு, அவர் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சறுக்கிய வெட்கத்தில் சாவைப் பற்றிப் பேசினால் அதை மிரட்டலாக எடுக்காதீர்கள். கூடவே ஆள் வைத்து மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எந்நேரமும் பேச டெலி மானஸ் எண் 14416, போதை தொடர்பான தேசிய உதவி எண் 14446.

வெளியே அனுப்புவது

ஆறு மாதம் ஆனதால் மட்டும் அனுப்பக் கூடாது. மூன்று சம்பளத்தைக் கணக்கோடு கடந்திருக்கிறாரா, ஒரு பண்டிகையைத் தாண்டியிருக்கிறாரா, இல்லத்துக்கு வெளியே ஸ்பான்சர் (கூட்டத்தில் அவருக்கு வழிகாட்டும் மூத்தவர்) ஒருவர் இருக்கிறாரா, கடன் பட்டியல் எழுதி மாதம் இவ்வளவு என்று அடைக்கத் தொடங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் மூன்று மாதம். அறை எடுத்துத் தங்குவதானால், இல்லத்திலிருந்து வெளியேறும் இரண்டு பேர் சேர்ந்து எடுக்கட்டும்.

முதல் மாதம் தினமும் மாலை 7 மணிக்கு ஒரு போன். இரண்டாம், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. பிறகு ஒரு வருடம் நிறையும் வரை மாதம் ஒருமுறை நேரில். போன் எடுக்காத நாளன்று மறுநாளுக்குத் தள்ளாமல் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழையவர்கள் சாப்பிட வரலாம் என்று சொல்லி வையுங்கள், அன்று உலையில் அரைக்கிலோ அரிசி கூடுதலாகப் போடுங்கள்.